இடது திரையின் விக்கல்

ஏழாம் இருக்கையின் இடது திரைக்கு விக்கல் வந்திருந்தது.

அந்தப் பெயரை வைத்தவர் அந்த இருக்கையில் அமர்ந்து ஓட்டும் மகுடேஸ்வரன் அண்ணன். படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு கணம் நின்று, பிறகு விட்டதைப் பிடிக்கத் துள்ளும். வீட்டில் சினிமா பார்க்கிறவனுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். எங்கள் திரையின் மறுமுனையில் ஆளில்லாத லாரி ஒன்று முப்பது டன் வெங்காயத்தோடு நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தது.

நான் ருக்சானா. சங்ககிரி லாரி ஓட்டுநர் சங்கத்தின் கணினிப் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஓட்டுநர்கள் இப்போது லாரியில் ஏறுவதில்லை. கோட்டை மலை தெரியும் ஒரு பெரிய கூடத்தில் பன்னிரண்டு இருக்கைகள் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டீயரிங், பிரேக், இரண்டு திரைகள். வலது திரையில் சாலையின் வலது பாதி, இடது திரையில் இடது பாதி. நாசிக்கிலிருந்து கிளம்பும் வண்டியை இங்கே உட்கார்ந்து ஓட்டுகிறவர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

அந்தப் பன்னிரண்டு இருக்கைகளும் என் கையால் உருவானவை. எல்லாம் லினக்ஸ். பெரிய கம்பெனிகள் இதே வேலைக்கு மூடிய பெட்டி ஒன்றை விற்கின்றன. அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் முறைப்பார்கள். எங்களுடையதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிடிக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிட்டுத் திட்டலாம். இதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

எல்லா இருக்கைகளும் ஒரு தந்திரத்தில்தான் நிற்கின்றன. ஓடும் லாரியிலிருந்து முழுப் படத்தையும் துல்லியமாக அனுப்பக் காற்றில் இடமில்லை. அதனால் திரைக்குக் கீழே உள்ள சின்னப் பட்டை ஓட்டுநரின் கண்ணைக் கவனிக்கும். கண் எங்கே போகிறதோ அந்த இடத்தை மட்டும் லாரியின் கேமரா தெளிவாக அனுப்பும். மற்ற இடமெல்லாம் மங்கல். பார்க்கிறவருக்கு அது தெரியாது, ஏனென்றால் பார்க்கும் இடம் எப்போதும் தெளிவாகவே இருக்கும்.

சங்கச் செயலாளர் குமரவேல் ஐயா என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏனம்மா ருக்சானா, சாலை வாரியத்துலருந்து வர்ற வெள்ளிக்கெழம ஆள் வர்றாங்க. தொப்பூர் கணவாய்ல எறக்கத்துக்கு நம்ம சீட்டுங்க தகுதியான்னு பாக்கறாங்களாம். இந்த விக்கலோட காட்ட முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. சரி பண்ணிர்றேன்."

"கணவாய்க்கு அனுமதி போச்சுன்னா வடக்கத்தி லோடு அத்தனையும் போச்சு. அப்பறம் அந்தக் கம்பெனிப் பொட்டிதான் வாங்கோணும். கமிட்டில பாதிப்பேரு இப்பவே அதத்தான் சொல்றாங்க."

பெட்டி வந்தால் என் வேலை போகும். அதைவிட, என் இருக்கைகள் பழைய இரும்புக்குப் போகும்.

மூன்றாம் இருக்கை லோகநாதன் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கூடத்தில் அவருக்குத்தான் வாய் அதிகம், கைத்திறமையும் அதிகம் என்று அவரே சொல்வார். "ஏழாம் நம்பருக்குக் கொஞ்சம் தண்ணி குடு பாப்பா. விக்கல் நின்னுரும்."

நான் வேலையில் இறங்கினேன். முதலில் கேபிளை மாற்றினேன். விக்கியது. இடது திரையையே மாற்றிப் புதுத்திரை வைத்தேன். அதுவும் விக்கியது. இரண்டு திரைகளும் வெவ்வேறு வேகத்தில் புதுப்பித்துக்கொண்டால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்து தடுமாறும். லினக்ஸில் இது பழைய நோய். இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டினேன். பலனில்லை. கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றி வேறு போட்டேன். கெர்னலைப் போன மாதத்துப் பதிப்புக்குப் பின்னால் தள்ளினேன். அது என்னைப் பார்த்து விக்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஆளை மாற்றிப் பார்த்தேன். மகுடேஸ்வரன் அண்ணனை இரண்டாம் இருக்கைக்கு அனுப்பிவிட்டு, ஏழில் லோகநாதன் அண்ணனை உட்கார வைத்தேன். ஏழாம் இருக்கை வெண்ணெயாக ஓடியது. சிறிது நேரத்தில் இரண்டாம் இருக்கையின் இடது திரை விக்க ஆரம்பித்தது.

"பாத்தியா பாப்பா, மிசினுக்கு ஒண்ணுமில்ல. ஆளுக்குத்தான் விக்கல்" என்றார் லோகநாதன் அண்ணன். கூடமே சிரித்தது. மகுடேஸ்வரன் அண்ணன் சிரிக்கவில்லை. அவருடைய லாரி மட்டும்தான் எங்கள் சங்கத்தில் கீறல் இல்லாத லாரி. மற்ற வண்டிகளின் இடது பம்பரில் எல்லாம் ஏதாவது ஒரு தழும்பு இருக்கும். மோட்டார் சைக்கிள்காரர்கள் வந்து உரசிவிட்டுப் போகிறார்கள் என்று காப்பீட்டுக்காரர்களிடம் சொல்லிவந்தோம். அப்படிப்பட்ட ஓட்டுநரைப் பார்த்து ஆளுக்கு விக்கல் என்றால் யாருக்கும் முகம் சுருங்கும்.

அவரை மீண்டும் ஏழுக்கே வரச் சொன்னேன். வந்தார். அவர் பின்னாலேயே சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு கோகிலா அக்காவும் வந்தார். கோகிலவாணி, அண்ணனின் மனைவி. காலையில் சாப்பாடு கொண்டு வருவார், அண்ணன் வேலை முடியும்வரை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருடம் கழித்தும் பிரிந்திருக்க முடியவில்லையா என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்வார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே இருப்பார். எல்லோரும் கிண்டல் செய்தோமே தவிர, யாரும் கவனித்ததில்லை.

மென்பொருளைச் சோதிப்பதற்காக நான் ஒரு வசதி வைத்திருந்தேன். ஒரு விசையை அழுத்தினால் ஓட்டுநரின் கண் விழும் இடத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். அண்ணன் ஓசூர்ப் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோது அதை அழுத்தினேன்.

வலது திரையில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் இடது திரையிலும் ஒரு புள்ளி.

ஒரு மனிதர் ஒரே சமயத்தில் இரண்டு திரையைப் பார்க்க முடியாது. கண்ணுக்கு ஒரு பக்கம் பார்க்க அண்ணன் பச்சோந்தி இல்லை. நான் திரும்பினேன். கோகிலா அக்கா அவருடைய இடது தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து இடது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. காதை வைத்தால்தான் கேட்கும்.

"வரட்டும்... வரட்டும்... சைக்கிள் இருக்குது... தாண்டிட்டான்... ரைட்."

"அக்கா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா பாத்துட்டிருக்கறேன்."

அண்ணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "உன்ட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது பாப்பா. கல்யாணமான புதுசுல இவ எங்கூட வண்டில வந்தா. ஊர் பாக்கோணும்னா. விஜயவாடாவுல கிளீனர் சொல்லாமக்கொள்ளாம எறங்கிப் போயிட்டான். அவஞ்சீட்டுல இவ உக்காந்தா. அப்பறம் எறங்கவே இல்ல."

"இங்கயும் எறங்கல" என்றார் அக்கா.

"இடது பக்கம் அவ பக்கம் பாப்பா. இத்தன வருசத்துல நான் இடது கண்ணாடியப் பாத்ததே இல்ல. பாக்கோணும்னு தோணுனதும் இல்ல. அவ ரைட்டுன்னா ரைட்டு, ஹோல்டேன்னா நிக்கோணும்."

"லைசென்ஸுக்குக் கண் பரீட்சை வெச்சாங்களே, அதுல?"

"அதுல ரண்டு பக்கமும் பாத்தேன். பரீட்சைக்குப் பாக்கறது வேற, ரோட்டுல பாக்கறது வேற."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அண்ணா, இந்த மிசினுக்கு ஓட்டறவங்க ஒருத்தர்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு திரைக்கும் ஒரே கடிகாரம். கண்ணு எந்தத் திரைல இருக்குதோ அங்க வேகமா வரையும், இன்னொண்ணத் தூங்க வெச்சிரும். இப்ப அதுக்கு ரெண்டு ஜோடிக் கண்ணு தெரியுது. உங்களப் பாத்து வலதுக்கு ஓடுது, அக்காவப் பாத்து இடதுக்கு ஓடுது. தூங்கற திரைய எழுப்பறப்பல்லாம் ஒரு விக்கல். ஓட்டறது யாருன்னு அதுக்குச் சந்தேகம்."

கோகிலா அக்கா சிரித்தார். "அத எங்ககிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்போமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலை வாரியத்தின் விதி கறாரானது. ஓர் இருக்கைக்கு ஓர் ஓட்டுநர், ஓர் உரிமம். உரிமம் இல்லாத ஒருவர் சொல்லி வண்டி ஓடுகிறது என்று தெரிந்தால் அண்ணனின் உரிமம் பறிபோகும். இருபது வருடமாகக் கீறல் விழாமல் ஓட்டிய மனிதர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

குறுக்கு வழி ஒன்று இருந்தது. தூரத்தில் இருக்கும் கண்களைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். விக்கல் அந்த நிமிடமே நின்றது. இடது திரை பட்டுப்போல ஓடியது. செயலாளர் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் தலையில் கைவைத்து, "நீ இருக்கறவரைக்கும் எந்தப் பொட்டியும் வேண்டாம்" என்றார். அன்றைக்கு நான் நடந்த நடையில் கால் தரையில் படவில்லை.

மறுநாள் காலையில் கோகிலா அக்கா என் மேசைக்கு வந்தார். அவர் அதுவரை தானாக என்னிடம் வந்ததில்லை.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. இப்ப எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"படம் நிக்காமத்தானே ஓடுதுங்க?"

"ஓடுது. நல்லா ஓடுது. ஆனா எல்லாம் பனிமூட்டமாட்ட இருக்குது. ஆள் நிக்குதா, மரம் நிக்குதான்னு தெரியல. நேத்துச் சாயங்காலம் தெரியாமயே ரைட்டுன்னு சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணைக் கணக்கிலிருந்து நீக்கினால், அவர் பார்க்கும் இடத்தை லாரி தெளிவாக அனுப்பாது. நான் விக்கலைக் குணப்படுத்தவில்லை, அந்த வண்டியின் ஒரு கண்ணைப் பிடுங்கியிருக்கிறேன். ஆய்வில் அழகாகத் தேறும், சாலையில் யாரையாவது கொல்லும். அந்த ஒரு வரியை அக்கா பார்க்கவே அழித்தேன். விக்கல் திரும்பி வந்தது.

"வேற வழி இருக்குதா கண்ணு?"

"இருக்குங்க. கொஞ்சம் பெரிய வழி."

திரைக்கு ஒரு கடிகாரம், ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு ஜோடிக் கண். ஒரே மேசைக்கணினியில் இரண்டு பேர். இதைக் கேட்க எளிது. உள்ளே போனால், இரண்டு திரைகளையும் ஒரே சுவராக நினைத்து எழுதப்பட்ட பழைய நிரல் வேர்விட்டுக் கிடந்தது. அதை எழுதியவர்கள் யாருக்கும் ஒரு கணினிக்கு முன்னால் இரண்டு பேர் உட்காருவார்கள் என்ற எண்ணமே வந்திருக்கவில்லை. வேரோடு பிடுங்கினேன். இரண்டு இடங்களைத் தெளிவாக அனுப்பக் காற்றில் இடம் போதவில்லை. யாரும் பார்க்காதது எது என்று யோசித்தேன். வானம். லாரி ஓட்டுகிறவர் வானத்தைப் பார்ப்பதில்லை. வானத்தை வெட்டிவிட்டேன், இடம் கிடைத்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டு திரைகளும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தத்தம் வேகத்தில் ஓடின. என் வாழ்க்கையில் நான் எழுதியதில் அதுதான் நல்ல நிரல். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அதை ஒளித்துக் காட்ட முடியாது. திரையின் மேல்வரியிலேயே இந்த இருக்கையில் இரண்டு பேர் என்று தெரியும். அண்ணனிடம் கேட்டேன்.

"காட்டு பாப்பா" என்றார். "இத்தன நாளு இவ முணுமுணுத்துச் சொல்லி நான் ஓட்டுனது போதும்."

வெள்ளிக்கிழமை காலை வாரியத்தின் ஆய்வாளர் வந்தார். சாருமதி என்று பெயர். சென்னைக்காரர். காபி வேண்டாம் என்றார், மாலை வேண்டாம் என்றார், நேராக இருக்கைகளுக்குப் போனார். எங்கள் பன்னிரண்டு லாரிகளும் கணவாய்க்கு மேலே இருக்கும் நிறுத்துமிடத்தில் வெங்காயத்தோடு வரிசையாக நின்றன. சேலம் சந்தைக்கு அன்றே போயாக வேண்டிய சரக்கு.

ஏழாம் இருக்கையில் அவர் நின்றார். "விக்குதுன்னு புகார் வந்த சீட் இதானே?"

"இப்ப விக்காதுங்க" என்று சொல்லிப் புள்ளிகளைப் போட்டுக் காட்டினேன். அண்ணன் நிறுத்துமிடத்துக்குள்ளேயே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு புள்ளிகள், இரண்டு திரைகள். ஆய்வாளர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலில் இருந்த கோகிலா அக்காவைப் பார்த்தார்.

"இவங்க யார்?"

"என் சம்சாரமுங்க" என்றார் அண்ணன். "இடது பக்கம் பாக்கறவ."

"லைசென்ஸ் இருக்கா?"

அக்கா எழுந்து நின்றார். "இல்லீங்க."

ஆய்வாளர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "வேலை நல்லா இருக்கு. ஆனா விதி ஒண்ணுதான். ஏழாம் சீட்டை மூடிடுங்க. மத்த பதினொண்ணுலயும் புகார் இல்ல, நான் பாத்தவரைக்கும் படமும் சுத்தமா ஓடுது. அவங்க கணவாய்ல இறங்கலாம்."

செயலாளர் ஐயா நீளமாக மூச்சு விட்டார். சங்கம் பிழைத்தது, என் இருக்கைகளும் பிழைத்தன. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மகுடேஸ்வரன் அண்ணன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோகிலா அக்கா ஸ்டூலை மடக்கமுடியாமல் மடக்கப் பார்த்தார். அது மடங்குகிற ஸ்டூல் இல்லை.

லோகநாதன் அண்ணன் முதலில் இறங்கத் தயாரானார். "எம் பிரதீப்பத்தான் நாலு வருசத்துக்கு முந்தி சங்கம் நிறுத்திருச்சு. பள்ளிபாளையத்துல தறி ஓட்டறான். அப்பறம் நான் தனியா ஓட்டலையா? பழகோணும் மகுடு, பழகோணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

பிரதீப் அவருடைய பழைய கிளீனர். கூடம் வந்த அன்று மற்ற பதினொரு லாரிகளின் கிளீனர்களையும் சங்கம் வீட்டுக்கு அனுப்பியது. ஆளில்லாத வண்டிக்குக் கிளீனர் எதற்கு? நியாயமாகத்தான் தெரிந்தது.

பழகோணும் என்ற சொல் என் மண்டைக்குள் சுற்றியது. இந்தப் பன்னிரண்டு பேரும் கிளீனரை நம்பியே லாரி ஓட்டக் கற்றவர்கள். எல்லோருக்கும் இடது பக்கம் ஓர் ஆள் இருந்திருக்கிறார். அப்படியானால் மற்ற பதினொரு இருக்கைகளிலும் இடது திரை ஏன் ஒருநாளும் தடுமாறவில்லை? அவர்கள் தாங்களே மாறி மாறிப் பார்த்தாலும், தூங்கும் திரையை எழுப்பும்போது கொஞ்சமாவது விக்கியிருக்க வேண்டுமே. அது சுத்தமாக ஓடுவதைப் பார்த்து நான் இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டேன்.

மூன்றாம் இருக்கையின் இரண்டு திரைகளையும் மஞ்சள் புள்ளியோடு சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டேன்.

"எதுக்கும்மா இப்ப?" என்று பல்லைக் கடித்தார் செயலாளர் ஐயா. "அதான் அனுமதி குடுத்துட்டாங்கல்ல?"

"என் திரைல பொய் ஓடக்கூடாதுங்க ஐயா."

லோகநாதன் அண்ணனின் வண்டி இறக்கத்தில் நுழைந்தது. மஞ்சள் புள்ளி வலது திரையில் சுறுசுறுப்பாக ஓடியது. எதிரே, வலது கண்ணாடி, மறுபடி எதிரே. முதல் வளைவு. புள்ளி இடது பக்கம் போகவில்லை. வளைவு முடிந்த பிறகு ஒருதரம் போய்விட்டு உடனே திரும்பியது. ஆய்வாளர் சுவரை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார்.

இரண்டாவது வளைவு. இடது திரை முழுக்க மங்கல்.

"ஹோல்டேன்!"

அது கோகிலா அக்காவின் குரல். கூடத்தில் நாங்கள் ஒருநாளும் கேட்டிராத குரல். மலைப்பாதையில் என்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கத்திப் பழகிய குரல். லோகநாதன் அண்ணனின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கில் இறங்கியது. லாரி முனகிக்கொண்டு நின்றது. அதன் பிறகுதான் அவர் கண் இடது பக்கம் திரும்பியது, படம் தெளிவானது. சாலையோர வெள்ளைக்கோட்டின் மேல் ஒருவர் குந்தி உட்கார்ந்து மொபெட்டுக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். லாரிக்கும் அவர்களுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம்தான் இருந்தது.

லோகநாதன் அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று ஆய்வாளர் அக்காவைக் கேட்டார். "அங்க வெறும் மங்கலாத்தானே இருந்தது?"

"தெரியலீங்க. கறுப்பா ஏதோ அசைஞ்சுது. மரம் அசையாதுங்களே."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "மத்த சீட்டுலயும் அந்தப் புள்ளியைப் போடுங்க."

போட்டேன். ஒவ்வொருவரையும் நிறுத்துமிடத்துக்குள் ஓட்டச் சொன்னார். பத்து இருக்கைகளிலும் வலது திரையில் புள்ளி விளையாடியது. இடது திரைகள் ஒரு தடங்கலும் இல்லாமல், ஒரு கண்ணும் படாமல் ஓடிக்கொண்டிருந்தன. இடது பம்பர்களின் தழும்புகள் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன. அவை மோட்டார் சைக்கிள்காரர்கள் உரசியவை அல்ல. எங்கள் கூடத்தில் நாங்கள் கோளாறு என்று சொன்ன ஒரே ஒரு திரையைத்தான் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னதை மாத்திக்கறேன்" என்றார் சாருமதி. "இந்தப் பதினொரு சீட்டும் கணவாய்ல இறங்கக்கூடாது. இன்னைக்கு இறங்கறது ஏழாம் சீட் மட்டும்தான்."

"அந்தம்மாவுக்கு லைசென்ஸ் இல்லீங்களே" என்றார் செயலாளர் ஐயா, தன்னையறியாமல்.

"எங்க வாரியத்துல இடது பக்கத்துக்குன்னு ஒரு லைசென்ஸே இல்லீங்க. நாங்க குடுக்காததை அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது? இன்னைக்கு என் பொறுப்பு. திங்கட்கிழமை போய் வாரியத்தோட நான் சண்டை போட்டுக்கறேன்." பிறகு என்னிடம், "அந்த நிரலை எங்களுக்கும் குடுப்பீங்களா?" என்றார்.

"அது எல்லாருக்கும் திறந்துதாங்க இருக்கு. எடுத்துக்கலாம். எழுதுனவங்க பேரை மட்டும் அழிக்கக்கூடாது. அதுல ரெண்டு பேரு இருக்குது, ஒண்ணு என்னுது."

இன்னொன்று யாருடையது என்று அவர் கேட்கவில்லை. ஸ்டூலை அவரே எடுத்து, மகுடேஸ்வரன் அண்ணனுக்குப் பின்னால் வைக்காமல், பக்கத்தில் வைத்தார். செயலாளர் ஐயா ஓடிப்போய்த் தன் அறையிலிருந்த சாய்வு நாற்காலியைத் தூக்கி வந்தார்.

வெங்காயம் காத்திருந்தது. கணவாயில் நின்ற மூன்றாம் லாரியை ஏழாம் இருக்கைக்கு மாற்றினேன். பிறகு மேலே நின்ற லாரிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொடுத்தேன். அண்ணன் ஒவ்வொரு வண்டியையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அக்கா முணுமுணுக்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி, கணவாயின் வளைவுக்கு வளைவு, "வரட்டும்... வரட்டும்... செவுரு இருக்குது... ஒடிச்சுக்கோங்க... ரைட்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு மஞ்சள் புள்ளிகள் இரண்டு திரைகளில் ஓடின. ஒரு இடத்திலும் விக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. அவர்களைப் பார்த்தா, என் நிரலைப் பார்த்தா என்று கேட்டால், இரண்டையும் பார்த்துத்தான்.

தங்கள் வண்டிகளை இன்னொருவர் இறக்குவதை மற்ற ஓட்டுநர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. கடைசி வண்டி சமதரைக்கு வந்தபோது மத்தியான வெயில் இறங்கியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு ஆறிப்போச்சு" என்றார்.

லோகநாதன் அண்ணனை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் தறிகள் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. அதனால் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"பிரதீப்பு, நாந்தாண்டா... ஆமா, உசுரோடதான் இருக்கறேன்... தறிய நிறுத்திட்டுக் கெளம்பி வா. இங்க இடது பக்கம் ஆளில்லடா."